முழங்கால் ஆழக் கடலில் மின்மோட்டார்

புளோரிடா மாநிலத்தின் தென்கோடிக்கும் அதற்குத் தெற்கே வளைந்து செல்லும் கீஸ் தீவுத்தொடருக்கும் இடையே பரந்துள்ள புளோரிடா விரிகுடாவின் சராசரி ஆழம் ஏறத்தாழ 1 மீட்டரே ஆகும். நீர் வற்றும் வேளையில் கடற்புல் மேடுகள் வெளியே தலைகாட்டுவதும், நீர் ஏறும் வேளையில் அதே மேடுகளுக்கு நண்டும் இறாலும் தேடி மீன்கள் மேய வருவதும் அங்கே அன்றாட நிகழ்ச்சிகள். இத்திட்டுகளில் நடைபெறும் தூண்டில் மீன்பிடிப்பு, ஆழத்தில் இரையை இறக்கிவிட்டுக் காத்திருக்கும் வகையைச் சேர்ந்ததன்று. மீனை முதலில் கண்ணால் கண்டு, அது செல்லும் திசையைக் கணித்து, அதற்குச் சற்று முன்னே இரையை எறிவதே இதன் முறை. மீன் கண்ணில் படும் தொலைவில் படகும் மீனின் உணர்வுக்கு எட்டிவிடுகிறது என்பதால், இத்தொழிலின் திறமையில் பெரும்பங்கு ஓசையை அடக்கும் திறமையாகவே வளர்ந்திருக்கிறது.

இத்தொழிலை நடத்துவோர், இஸ்லமொராடா போன்ற கீஸ் ஊர்களிலிருந்து நாட்கூலிக்குப் படகு செலுத்தும் வழிகாட்டிகள். ‘கேப்டன்’ என்று அழைக்கப்படும் இவர்கள், கட்டணம் பெற்றுப் பயணிகளை ஏற்றுவதற்கு அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். ஆறு பயணிகள் வரை ஏற்ற அனுமதிக்கும் தொடக்கநிலை உரிமத்துக்கே 360 நாள் படகு அனுபவத்தைச் சான்றாகக் காட்ட வேண்டும். இவர்களுடைய ‘ஸ்கிஃப்’ என்னும் தட்டையான சிறு படகு ஒரு சாண் நீரிலும் மிதக்கக்கூடியது. அதன் முன்பகுதியான அணியத்தில் தூண்டில்காரர் நிற்க, பின்பகுதியான அமரத்தில் பெட்ரோல் எஞ்சினுக்கு மேலே அமைந்த உயர்ந்த மேடையில் வழிகாட்டி நின்று, 18 முதல் 22 அடி வரை நீளமுள்ள தள்ளுகோலை அடித்தரையில் ஊன்றிப் படகை நகர்த்துகிறார். இம்மேடையை 1970களில் உருவாக்கிய பெருமை பிஸ்கெய்ன் விரிகுடாவின் வழிகாட்டியான பில் கர்டிஸுக்கு அளிக்கப்படுகிறது. உயரே நிற்பவருக்கு மீன் நெடுந்தொலைவிலேயே தென்படுகிறது. ஆனால் அந்த உயரத்தில் சமநிலை தவறாமல், எதிர்க்காற்றில் மணிக்கணக்காகக் கோல் ஊன்றுவது தோள்பட்டையையும் முதுகையும் தேய்த்துவிடும் வேலை என்பதை மேடையைப் புகழ்வோர் பெரும்பாலும் சொல்வதில்லை.

இந்த உழைப்பில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளவே ‘ட்ரோலிங் மோட்டார்’ எனப்படும் மின்மோட்டார் உப்புநீருக்கு வந்தது. இக்கருவி பிறந்த இடமோ கடலிலிருந்து வெகுதொலைவில் உள்ளது: 1934இல் வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரில் ஓ. ஜி. ஷ்மிட் என்பவர் இதனை ஏரி மீன்பிடிப்புக்காக உருவாக்கினார் என்பதும், அவருடைய ‘மின் கோட்டா’ நிறுவனம் இன்றும் இத்துறையில் முன்னணியில் உள்ளது என்பதும் பரவலாக அறியப்பட்டவை. நீண்ட தண்டின் நுனியில் நீருக்குள் மூழ்கியிருக்கும் மோட்டாரும், அதன் முனையில் சுழலும் விசிறியும், மேலே படகில் வைக்கப்பட்ட பேட்டரிகளுமே இதன் அடிப்படை உறுப்புகள். காலடி மிதிகட்டையாலோ கழுத்தில் தொங்கும் சிறு ரிமோட்டாலோ இது இயக்கப்படுகிறது. இதன் வலிமை குதிரைத்திறனில் கூறப்படாமல், நீரைத் தள்ளும் விசையாகப் பவுண்டுக் கணக்கில் கூறப்படுகிறது. படகின் மொத்த எடையில் ஒவ்வொரு 100 பவுண்டுக்கும் 2 பவுண்டு விசை தேவை என்பது வழக்கிலுள்ள கணக்கு. காற்றும் நீரோட்டமும் மோதும் கடலில் அதற்கு மேலும் வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

‘ஓசையற்றது’ என விளம்பரங்கள் கூறினாலும், மின்மோட்டார் ஓசையற்றதன்று. பெட்ரோல் எஞ்சினை விட மிகக் குறைந்த ஓசையுடையது என்பதே சரி. கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் வேகத்தில், அதாவது காற்றில் செல்வதைவிட நான்கு மடங்குக்கும் மேலான வேகத்தில் பரவுகிறது. மீன்களோ உட்செவியால் ஒலியையும், உடலின் இருபுறமும் ஓடும் பக்கக்கோடு என்னும் உணர்வுறுப்பால் அண்மையிலுள்ள நீரின் அசைவையும் அறிகின்றன. விசிறியை முழுவேகத்தில் சுழற்றினால் அதன் இதழ்களருகே அழுத்தம் தாழ்ந்து நுண்குமிழிகள் தோன்றி உடைவதும், அணியம் அலையில் எழும்போது விசிறி மேற்பரப்புக் காற்றை உள்ளிழுப்பதும் ஓசையைக் கூட்டுகின்றன. ஆயினும் வழிகாட்டிகள் பெரிதும் அஞ்சுவது தொடர்ந்த மெல்லிய ஓசையை அன்று, அதன் திடீர் மாற்றத்தையே ஆகும். மோட்டாரை அடிக்கடி நிறுத்தி இயக்குவதைவிடக் குறைந்த வேகத்தில் இடைவிடாமல் ஓடவிடுவதே மேல் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்ட முடிவு. ஆகவே, அனுபவமுள்ளவர் காற்றும் நீரோட்டமும் வரும் பக்கத்திலிருந்தே திட்டுக்குள் நுழைந்து, படகை நகர்த்தும் வேலையை அவற்றிடம் விட்டுவிட்டு, மோட்டாரைத் திசை திருத்துவதற்கு மட்டும் பயன்படுத்துகிறார்.

படகில் காக்கப்படும் ஒழுங்கும் இதே காரணத்தைக் கொண்டது. காற்றில் எழும் பேச்சொலி நீர்ப்பரப்பில் பட்டுப் பெரும்பாலும் மேலேயே திரும்பிவிடுவதால் தாழ்ந்த குரலில் உரையாடுவது பெரிய குற்றமாகக் கருதப்படுவதில்லை. ஆனால் தளத்தில் ஒரு குறடு நழுவி விழுந்தாலோ, பெட்டி மூடி அறைந்து சாத்தப்பட்டாலோ, படகின் மெல்லிய அடிப்பகுதி பறையின் தோல்போல அதிர்ந்து அவ்வோசையை நேரே நீருக்குள் செலுத்திவிடும். சிற்றலைகள் அணியத்தின் அடியில் தட்டும் ஓசையும் இத்தகையதே. கனமான மோட்டாரையும் பேட்டரிகளையும் அணியத்தில் குவித்தால் படகு முன்புறம் தாழ்ந்து இத்தட்டல் மிகுவதுண்டு என்பதால், அமைதிக்காக வாங்கிய கருவியே அமைதியைக் கெடுக்கவும் கூடும். ஈய அமிலப் பேட்டரிகளுக்குப் பதிலாக ஏறத்தாழ அவற்றின் பாதி எடையுள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகளை, விலை மிகுதியாயினும், வழிகாட்டிகள் நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உப்புநீர் இக்கருவியை ஓயாமல் அரிக்கிறது. வெவ்வேறு உலோகங்கள் ஒரே உப்புநீரில் தொடர்புற்றிருக்கும்போது அவற்றிடையே மின்னோட்டம் எழுந்து, வேதிவினையில் முந்தி ஈடுபடும் உலோகம் கரைகிறது; எனவே மோட்டாரின் முனையில் ஒரு துத்தநாகத் துண்டைப் பொருத்தி, பிற பாகங்களுக்கு முன்பாக அது கரையுமாறு விட்டு, தேய்ந்ததும் மாற்றுகிறார்கள். கரை திரும்பியதும் நன்னீரால் கழுவுதல், மின் இணைப்புகளில் பச்சை பூத்திருக்கிறதா எனப் பார்த்தல், விசிறிக்குப் பின்னால் தண்டில் சுற்றிய தூண்டில் நரம்பை விசிறியைக் கழற்றி எடுத்தல் ஆகியவை கூலியில் தனியே கணக்கிடப்படாத மாலை வேலைகள். அந்த நரம்பை விட்டுவைத்தால் அது எண்ணெய் அடைப்பை அறுத்து, மோட்டாருக்குள் நீரை விட்டுவிடும்.

மின்மோட்டாரைத் தனிப்பட்டோரின் விருப்பம் என்ற நிலையிலிருந்து பொதுவிதியின் பகுதியாக உயர்த்தியது கடற்புல்லே ஆகும். இவ்விரிகுடாவில் மிகுதியாக வளரும் தலாசியா டெஸ்டுடினம் என்னும் ஆமைப்புல், மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் வளரும் தலாசியா ஹெம்ப்ரிச்சி புல்லின் பேரினத்தைச் சேர்ந்தது. மண்ணுக்கடியில் கிடைமட்டமாக ஓடும் அதன் தண்டைப் பெட்ரோல் எஞ்சினின் விசிறி வெட்டிவிட்டால், அந்தத் தழும்பு மூடப் பல ஆண்டுகள் ஆகும். இச்சேதத்தைக் கருதி எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்கா 2011இல் ஃபிளமிங்கோவுக்கு அருகிலுள்ள ஸ்னேக் பைட் பகுதியில் ஏறத்தாழ 9,400 ஏக்கரைக் கோலுக்கும் மின்மோட்டாருக்கும் உரிய மண்டலமாக அறிவித்தது. குறிக்கப்பட்ட கால்வாய்களைத் தவிர அங்கே தள்ளுகோல், துடுப்பு, மின்மோட்டார் ஆகியவற்றாலேயே படகு செலுத்த வேண்டும். புல்லைக் காக்க வந்த விதி மீன்பிடிப்பின் அமைதியையும் காத்தது, மண்டலத்துக்குள் நெடுந்தொலைவு செல்லும் உழைப்பையும் கூட்டியது. 50 ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் இழுக்கும் மோட்டாரை முழுவேகத்தில் ஓட்டினால் 100 ஆம்பியர்-மணிப் பேட்டரித் தொகுதி இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும்; திரும்பும் வழிக்கும் காற்று எதிராக இருக்கலாம் என்பதைக் கணக்கிடாதவர் கோலைத்தான் கையில் எடுக்க வேண்டியிருக்கும்.

மோட்டார் கோலுக்கு மாற்றாகிவிட்டது என்ற கருத்து இக்காரணங்களால் ஏற்கத்தக்கதன்று. பெட்ரோல் எஞ்சினை அணைக்கும் இடத்துக்கும் மீனுக்கு இரையை எறிந்து எட்டும் இடத்துக்கும் இடைப்பட்ட தொலைவே மோட்டாருக்குரியது. போன்ஃபிஷ் என்னும் மீன் வாலை நீருக்கு வெளியே நீட்டி மேயும் முழங்கால் ஆழத்தில் விசிறியில் புல் சுற்றிக்கொள்ளும், ஓசையும் அங்கே எளிதில் காட்டிக்கொடுக்கும். செயற்கைக்கோள் வழிகாட்டலால் படகை ஒரே இடத்தில் நிறுத்திவைக்கும் புதிய வசதியும், அலைக்கேற்ப மோட்டார் தன் வேகத்தை மாற்றிக்கொண்டேயிருப்பதால், ஆழமற்ற திட்டில் அடித்தரையில் ஊன்றிக் கட்டிய கோலின் அமைதிக்கு ஈடாகாது.

வசந்த காலத்தில் டார்ப்பன் என்னும் பெருமீன்கள் கீஸ் தீவுகளின் கடல்பக்கக் கரையோரமாகத் தொடர்தொடராகச் செல்லும்போது மட்டும் மின்மோட்டார் ஒரு சச்சரவுக்கு உள்ளாகிறது. கோலால் தள்ளும் படகு மீன்களின் வழித்தடத்தில் ஓரிடத்தில் நின்று அவை வரும்வரை காத்திருக்கும். அமரத்தில் இரட்டை மோட்டார் பொருத்திய படகோ கடந்து சென்ற கூட்டத்தைத் தொடர்ந்து ஓடி மீண்டும் எறிய வல்லது. அவ்வாறு துரத்தப்பட்ட மீன்கள் கலைந்து ஆழத்துக்குச் சென்றுவிட, அவற்றின் வருகைக்காக அடுத்த முனையில் விடியற்காலை முதல் காத்திருக்கும் படகுகளுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. இதைத் தடுப்பது எழுதிவைத்த விதியன்று, தொழில்செய்வோரிடையே நிலவும் மரியாதை மட்டுமே. அம்மரியாதையை மீறியவரை மறுநாள் படகுத்துறையில் மற்ற வழிகாட்டிகள் நேருக்கு நேர் கேட்டுவிடுவதும் வழக்கம்.