ஜன்னல் சீட்டும் பச்சைமலையும்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுல திருச்சி வண்டி ஏறும்போது எங்க அப்பா முதல்ல சீட்டைப் பாக்க மாட்டார், வானத்தைப் பாப்பார். காலையில தெற்கே போற வண்டின்னா வெயில் இடது பக்கம் அடிக்கும், அதனால வலது பக்க ஜன்னல். சாயங்காலம்னா நேர் எதிர். இந்த வியாதி எனக்கும் தொத்திக்கிச்சு. காலியா இருக்குற பஸ்ல கூட ஒரு நிமிஷம் நின்னு திசை பாத்துட்டுத்தான் உக்காருவேன். தங்கமணி தலையில அடிச்சுக்குவாங்க.

போன வருஷம் வைகாசியில இந்த வித்தையை விமானத்துல காட்டப் போய் மூக்குடைபட்ட கதைதான் இது.

அப்பா மரச்சிற்பி. அரும்பாவூர்ல இது ஒண்ணும் அதிசயமில்ல, தெருவுக்குத் தெரு உளிச்சத்தம் கேட்கும். 2020ல எங்க ஊர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கூட கிடைச்சுது. எழுபது வயசுல அப்பாவுக்குக் கண்ணுல புரை. கை நடுங்கல, பார்வைதான் மங்கிடுச்சு. சாமி வாகனத்துக்கு முகம் செதுக்குறவர், அதைச் சின்னப் பசங்ககிட்ட விட்டுட்டு ஓரமா உக்காந்து உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுக்கிட்டிருந்தார். எனக்கு அதைப் பாக்கச் சகிக்கல. சென்னைக்கு என்கிட்ட வாங்க, வலது கண்ணுக்கு முதல்ல ஆபரேஷன் பண்ணிடலாம்னு முடிவாச்சு.

பிளேன்ல போலாம்னதும் அப்பா கேட்ட முதல் கேள்வி: "வடக்கே போறதுக்கு எதுக்குடா தெற்கே போகணும்?"

நியாயமான கேள்விதான். பெரம்பலூர்ல இருந்து நேரா பஸ்ல ஏறினா அஞ்சு மணி நேரத்துல சென்னை. நாங்களோ திருச்சி ஏர்போர்ட்டுக்குத் தெற்கே போய், அங்க காத்துக்கெடந்து, வந்த வழிக்கு மேலேயே பறந்து வரப் போறோம். மொத்த நேரம் கிட்டத்தட்ட அதேதான். ஆனா அப்பா இதுவரைக்கும் பிளேன் ஏறினதில்ல. அந்த ஆசை அவரோடதா என்னோடதான்னு இப்ப யோசிச்சா என்னோடதுதான்.

சாயங்கால விமானம். திருச்சியில இருந்து சென்னை வடகிழக்கு. அப்போ இடது பக்க ஜன்னல் வடமேற்கைப் பாத்து இருக்கும். வைகாசியில சூரியன் மேற்குக்குக் கொஞ்சம் வடக்கே தள்ளித்தான் மறையும், அதனால வெயில் நேரா இடது பக்கத்து முகத்துல அடிக்கும். புரை விழுந்த கண்ணுக்கு வெளிச்சம் ரொம்பக் கூசும். ஜன்னல் மூடியை இறக்கிடலாமேன்னா, கிளம்பும்போதும் இறங்கும்போதும் திறந்துதான் வெக்கணும்பாங்க. ஆக, வலது பக்கம், எஃப் சீட்டு. பெருமையா புக் பண்ணிட்டேன்.

இந்த இடத்துல நம்ம ஆராய்ச்சியைக் கொஞ்சம் சொல்லிக்கிறேன், யாருக்காவது உதவும்:

1. விமானத்துல எழுத்து வரிசை முன்பக்கம் பாத்து இடமிருந்து வலம். ஏ இடது ஓரம், ஆறு சீட்டு வரிசைன்னா எஃப் வலது ஓரம்.

2. ஏர்பஸ் 320, போயிங் 737 மாதிரி ஜெட்டுகள்ல நடு வரிசையில உக்காந்தா ஊர் தெரியாது, சிறகுதான் தெரியும். காத்தாடி வெச்ச ஏ.டி.ஆர். 72ல சிறகு தலைக்கு மேல இருக்கும். கீழே எதுவும் மறைக்காது. என்ன, காத்தாடி பக்கத்துல சத்தம் ஜாஸ்தி.

3. போயிங் 737ல சிறகுக்கு முன்னாடி இடது பக்கம் ஒரு வரிசையில ஏசி குழாய் போறதால ஜன்னலே இருக்காது. ஆசையா உக்காந்தா சுவர்தான்.

4. நிழல் பக்கம் கண்ணுக்கு மட்டும் சுகமில்ல, காட்சியும் அங்கதான் தெளிவு. வெயில் நம்ம முதுகுப் பக்கம் இருந்து எதிர்ல இருக்குறது மேல விழும். மேகத்து மேல விமானத்தோட நிழலும், அதைச் சுத்தி வானவில் மாதிரி வளையமும் விழுறதும் இந்தப் பக்கம்தான். வெயில் பக்கம் பாத்தா எல்லாமே புகைமூட்டமா இருக்கும்.

5. டெல்லியில இருந்து குவாஹாத்தி போறவங்க இடது பக்கம் எடுங்க. வானம் தெளிவா இருந்தா இமயமலை கூடவே வரும். அது வடக்குப் பக்கம், அதனால வருஷத்துல பாதிக்கு மேல நிழலும் அங்கதான். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா.

இத்தனையும் தெரிஞ்ச மேதாவி ஒண்ணை மட்டும் விட்டுட்டேன். உக்காரப் போறவர்கிட்ட என்ன பாக்கணும்னு கேக்கல.

விமானம் மேல ஏறினதும் அப்பா ஜன்னல் வழியா பாத்தார். வயல், ஆறு, சாலை. கொஞ்ச நேரத்துல கழுத்தைத் திருப்பி, நடைபாதையைத் தாண்டி அந்தப் பக்க ஜன்னலையே பாக்க ஆரம்பிச்சார்.

"நம்ம மலை எந்தப் பக்கம்டா வரும்?"

"அந்தப் பக்கம்ப்பா. அங்க வெயிலு, உங்களுக்குக் கண்ணு கூசும்."

"ம்ம். மலை இருக்குற பக்கம்தான சாயங்காலம் வெயிலும் இருக்கும்" அப்படின்னார்.

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. எங்க ஊருக்கு மேற்கே பச்சைமலை. தினமும் பொழுது சாயுறது அது பின்னாடிதான். நான் மேப் வெச்சுக் கண்டுபிடிச்சதை அவர் எழுபது வருஷமா வாசல்ல உக்காந்து பாத்துக்கிட்டிருக்கார். அதுக்கப்புறம் அவர் ஒண்ணும் கேக்கல. ராத்திரி அம்மாகிட்ட போன்ல சொன்னது மட்டும் காதுல விழுந்துச்சு. "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. மலையத்தான் பாக்கல."

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. ரெண்டு வாரம் கழிச்சு டாக்டர் சரின்னதும் திரும்பறதுக்கு டிக்கெட் போட்டேன். இந்தத் தடவை பஸ்ல இல்ல, பிளேன்ல, அதுவும் காலை விமானத்துல. தென்மேற்கா போகும்போது மலை வலது பக்கம், காலை வெயில் இடது பக்கம். நிழலும் மலையும் ஒரே ஜன்னல்ல.

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு அப்பா எஃப் சீட்டுல உக்காந்தார். ஏ.டி.ஆர். விமானம்கிறதால ரொம்ப உயரம் போகல. பாதி வழியில ஒரு நீளமான மலை வந்துச்சு. "அப்பா, அதோ பச்சைமலை!"ன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாத்தார். "அது கல்வராயன்டா. அடுத்து ஒரு சந்து வரும் பாரு, ஆத்தூர் ரோடு போறது. அதுக்குத் தெற்கேதான் நம்மளுது."

சந்து வந்துச்சு. அதுக்கப்புறம் மலை வந்துச்சு. காலை வெயில் சாய்வா விழுந்து, ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியா எடுப்பா நின்னுச்சு. அப்பா ஜன்னல் கண்ணாடியில விரலை வெச்சு அந்த முகட்டோட கோட்டை அப்படியே இழுத்துக்கிட்டே போனார், பலகையில பென்சில் கோடு போடுற மாதிரி. ஏரியைத் தேடினார், வைகாசியில தண்ணி இல்லாததால கண்டுபிடிக்க முடியல. பரவாயில்லன்னார். அந்த வலது கண்ணுல எவ்வளவு தெரியுதுன்னு நான் அதுக்கப்புறம் கேக்கவே இல்ல.

இப்ப மறுபடி வாகனத்துக்கு முகம் செதுக்குறார். இடது கண் பாக்கி இருக்கு, அடுத்த மாசம் வர்றாங்க. இந்தத் தடவை அம்மாவும் கூட. டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே போன் பண்ணிக் கேட்டுட்டேன், அம்மா உங்களுக்கு எந்தப் பக்கம் வேணும், என்ன பாக்கணும்னு.

"எனக்கு ஜன்னலே வேணாம்டா, கீழ பாத்தா தல சுத்தும். நடக்குற வழி ஓரமா போடு."

நல்லவேளை, கேட்டேன் :-)