சுவருக்குள் போன பைப்

தஞ்சாவூர் மேலவீதிப் பக்கம் ஒரு பழைய வீடு. ஒன்பது இன்ச் செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, நடுவில் முற்றம். பாத்ரூம் மட்டும் கொல்லைக் கடைசியில். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதும், படுக்கையறையை ஒட்டியே ஒன்று கட்டிவிடலாம் என்று சென்னையிலிருந்து மகன் வந்து இறங்கினார்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டிய அப்பா, ஒன்றுக்கு மட்டும் மசியவில்லை.

"பைப் சுவருக்கு வெளியேதான் போகணும்."

"யாருப்பா இப்பல்லாம் வெளியே விடுறாங்க? பார்க்க நல்லாவா இருக்கும்?"

"ஒழுகினா கண்ணுக்குத் தெரியும்ல?"

பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. இதே வீட்டில் தாத்தா ஜி.ஐ. பைப்பைச் சுவருக்குள் பதித்திருந்தார். அவர் காலமான இரண்டாம் வருஷம், நெல் அடுக்கியிருந்த உள்ளறையில் ஓதம் ஏறியது. உள்ளே துரு அரித்த பைப். அது எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்த ஒரே ஆள் தாத்தாதான். மூன்று இடத்தில் உடைத்தும் அகப்படவில்லை. நாலாவது இடத்தில் கண்டுபிடித்தபோது, அடி வரிசை மூட்டைகளில் நெல் முளைவிட்டிருந்தது. அந்த வருஷத்துச் சாப்பாட்டு நெல்!

பிளம்பர் சமாதானம் சொன்னார். "இது சி.பி.வி.சி. பைப்புங்க ஐயா. துருப் பிடிக்காது, கீசர் வெந்நீரையும் தாங்கும்."

உண்மைதான். ஆனால் பைப் கெடாவிட்டாலும் பசை போட்டு ஒட்டிய இணைப்பு ஏமாற்றலாம். அதனால் அப்பா நிபந்தனை போட்டார்: பூசுவதற்கு முன் எல்லா முனைகளையும் அடைத்து, பம்ப்பால் தண்ணீரை அழுத்தி ஏற்றி, ராத்திரி முழுக்க வைத்துப் பார்க்க வேண்டும். காலையில் மீட்டர் முள் இறங்கியிருந்தால் எங்கோ கசிவு. அவசரத்தில் பலர் விட்டுவிடுகிற வேலை இது.

சுவரைக் கீறுவதிலும் கணக்கு இருக்கிறது. குத்துவாக்கில் என்றால் சுவர் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம், படுக்கைவாக்கில் ஆறில் ஒரு பங்கு; அதற்கு மேல் போனால் சுவர் பலம் இழக்கும். ஒன்பது இன்ச் சுவரில் படுக்கையாக ஒன்றரை இன்ச்தான். கூடத்துச் சுவரில் நீளமாக ஒரு கோடு இழுக்கக் கட்டிங் மிஷினோடு கிளம்பியவரை, கொத்தனாரே தடுத்துவிட்டார். பைப் தரையோடு வந்து, தேவையான இடத்தில் மட்டும் நேராக மேலே ஏறியது.

"வழி மறந்து போறதுதாண்டா எனக்குப் பயம்" என்றார் அப்பா, பேரனிடம். நடக்கிற தூரத்தில் இருக்கும் அய்யன்குளத்துக்கு அவனைக் கூட்டிப்போய்க் காட்டினார். சிவகங்கைக் குளத்திலிருந்து மண்ணுக்கடியில் இங்கே தண்ணீர் வந்த பழைய வழி, பல காலம் தூர்ந்து கிடந்தது. ஸ்மார்ட் சிட்டி பணியில் குளத்தைச் சீரமைத்தபோதுதான் அதற்கு மறுபடி உயிர் வந்தது.

பேரன் திரும்பி வந்து, பூசாத சுவரில் டேப்பை வைத்து அளந்து போட்டோ எடுத்தான். போன் போனால் போட்டோவும் போச்சு என்பது தாத்தாவின் கட்சி. ஆகவே கிராஃப் தாளில் வரைந்து, தரையிலிருந்து எத்தனை அடி, கதவு நிலையிலிருந்து எத்தனை அடி என்று குறித்து, பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டினார்கள்.

பொங்கலுக்குப் புதுக் காலண்டர் வந்தது. ஆணியும் சுத்தியலுமாக நின்ற அம்மா, பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு, ஒரு சாண் இடப்பக்கம் தள்ளி அடித்தார்.