அரம் பிடித்த கை: தருமபுரியின் தொழிற்பயிற்சிப் பட்டறைகள்

தருமபுரி மாவட்டத்தின் தொழிற்பயிற்சியை ஆராய்வோர் முதலில் கருத வேண்டியது அதன் எல்லை வரலாற்றையாகும். 1965இல் சேலத்திலிருந்து பிரிந்து உருவான இம்மாவட்டம், 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது ஓசூரின் ஆலைகளை இழந்து, அதே ஆலைகளுக்கு ஆட்களை அனுப்பும் நிலப்பரப்பாக எஞ்சியது. மானாவாரி வேளாண்மையை நம்பிய ஊர்களின் இளைஞர்கள், பாலக்கோடு, இராயக்கோட்டை வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையில் ஓசூருக்கும் அதைத் தாண்டிப் பெங்களூருக்கும் செல்கின்றனர். ஆள் கிடைக்கவில்லை என்று ஆலைகளும் வேலை கிடைக்கவில்லை என்று ஊர்களும் ஒரே நேரத்தில் முறையிடும் நிலையே திறன் இடைவெளி எனப்படுகிறது. அந்த இடைவெளி எங்கே விழுகிறது என்பதைப் பட்டறை மேசையருகில் நின்றே அறிய முடியும்.

அரசு தொழிற்பயிற்சி நிலையம், மக்கள் வழக்கில் ஐ.டி.ஐ., என்பது மத்திய அரசு 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைச் சேர்ந்தது. எட்டாம் அல்லது பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஓராண்டிலோ ஈராண்டிலோ ஒரு தொழிலைக் கற்பித்துத் தேசியத் தொழிற்சான்றிதழுக்கு ஆயத்தப்படுத்தும் இத்தகைய நிலையங்கள் தருமபுரியை அடுத்த கடகத்தூரிலும் அரூரிலும் இயங்குகின்றன. பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் சீருடை, மிதிவண்டி, பேருந்து அட்டை ஆகியவையும் அரசால் வழங்கப்படுகின்றன.

பொருத்துநர் பிரிவில், அதாவது பிட்டர் பிரிவில், சேரும் மாணவரின் முதல் வேலை ராவுதல். முழங்கை உயரத்தில் பொருத்தப்பட்ட பிடிப்பானில், எல்லோரும் வைஸ் என்று சொல்வதில், ஓர் இரும்புத் துண்டை இறுக்கி, அரத்தால் அதன் முகத்தைச் சமதளமாக்க வேண்டும். அரம் முன்னே செல்லும்போது மட்டுமே வெட்டும் என்பதால் பின்னிழுக்கையில் அழுத்தம் கூடாது. முன்செல்கையில், தொடக்கத்தில் இடக்கையில் இருக்கும் அழுத்தம் நடுவில் இரு கைகளுக்கும் சமமாகி, முடிவில் வலக்கைக்கு மாற வேண்டும். மாறாவிட்டால் அரம் ஊஞ்சலாடி, ஓரங்கள் தேய்ந்து நடுப்பகுதி மேடாகிவிடும். துண்டைக் கழற்றி, பிசிறு நீக்கி, மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தால், மேடுள்ள இடத்தில் ஒளி மறைந்து பள்ளமுள்ள இடத்தில் மயிரிழை அளவு கசியும். அந்தக் கசிவு எங்கிருக்கிறது என்று கண்டு, அதற்கேற்ப அடுத்த ராவலைத் திருத்துவதுதான் இப்பயிற்சியின் உயிர்நாடி. வெர்னியர் காலிப்பரின் 0.02 மில்லிமீட்டரும் மைக்ரோமீட்டரின் 0.01 மில்லிமீட்டரும் அதன் பின்னரே வெறும் எண்களாக இல்லாமல் கைக்குப் பழகிய அளவுகளாகின்றன.

கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் சி.என்.சி. இயந்திரங்கள் வந்தபின் அரத்துக்கு என்ன வேலை என்று கேட்போர் உள்ளனர். அவ்வியந்திரத்தின் வெட்டுமுனையும் தேயும். தேயத் தேய, ஒரே ஆணைநிரலில் கடையப்படும் உருளைகளின் விட்டம் சிறிது சிறிதாகக் கூடிக்கொண்டே போகும். ஒவ்வொரு துண்டையும் அளந்து அந்தப் போக்கை உணர்ந்து, ஆப்செட் எனப்படும் திருத்த மதிப்பை உரிய நேரத்தில் மாற்றுபவரே இயந்திரத்தை ஆள்பவர். துண்டை ஏற்றவும் இறக்கவும் மட்டும் பழகியவருக்கு, அளவு தவறிய துண்டுகள் தரச்சோதனையில் கழிக்கப்படும்வரை பிழை தெரியாது. ஆலைகள் தேடியும் கிடைக்காதவர் முதல் வகையினர். குறுகிய காலப் பயிற்சிகள் பெருமளவில் உருவாக்குவது இரண்டாம் வகையினரை.

இந்நிலையில் பாடத்திட்டத்தின் போக்கு கவலை தருகிறது. ஆண்டுக்கு 1,600 மணி நேரமாக இருந்த பயிற்சி, 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 1,200 மணி நேரமாகக் குறைந்தது. முதலாண்டின் செய்முறைக்கு எஞ்சியது 840 மணி நேரம். மறுபுறம், டாட்டா டெக்னாலஜீஸ் நிறுவனத்துடன் இணைந்து 71 அரசு நிலையங்களைத் தொழில் 4.0 மையங்களாக மாற்றும் 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தைத் தமிழக அரசு நிறைவேற்றியது. ரோபோக்களும் நவீனக் கடைசல் பொறிகளும் அரசுப் பட்டறைக்கு வந்தது பெரும் பேறு. கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு அவற்றைத் தொட வேறு வழி ஏது? ஆனால் கருவி பெருகும் காலத்தில் கை பழகும் நேரம் சுருங்குவது அந்த முதலீட்டின் பயனையே அரித்துவிடும்.

பெண்களின் நிலை தனியே கருதத் தக்கது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மின்னணு ஆலை ஒன்றும் மின்வாகன ஆலை ஒன்றும் பெண்களைப் பெருந்தொகையாகப் பணிக்கு எடுத்திருப்பது இவ்வட்டாரத்தில் முன்னில்லாத மாற்றம். எனினும், ஒருங்கிணைப்பு வரிசையில் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யக் கற்றவர், அந்த வரிசை மாறும்போது மீண்டும் தொடக்கத்துக்கே தள்ளப்படுவார். தமிழக ஐ.டி.ஐ. சேர்க்கையில் ஆண்களுக்கு 40 வயது வரம்பு இருக்க, பெண்களுக்கு உச்ச வரம்பே இல்லை. பொருத்துநர், கடைசலர் போன்ற ஈராண்டுப் பிரிவுகளில் அவர்களைச் சேர்க்க இவ்விதியே போதிய வாயில்.

சான்றிதழுக்குப் பின் வருவது தொழிற்பழகுநர் காலம். 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ், 30 பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் நிறுவனங்கள் தம் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை அமர்த்த வேண்டும். அதே சட்டம், பழகுநர் பயில்பவரே அன்றித் தொழிலாளர் ஆகார் என்றும், பயிற்சி முடிந்தபின் வேலை தர முதலாளி கடமைப்பட்டவர் அல்லர் என்றும் கூறுகிறது. மூத்த தொழிலாளியின் அருகில் நின்று கற்கும் இடத்தில் இவ்விதிகள் பொருளுடையவை. உற்பத்தி இலக்கை முடிக்கும் மலிவான ஆளாக மட்டும் பழகுநர் நடத்தப்படும் இடத்தில், பயிற்சி என்ற சொல்லின் மறைவில் ஊதியமும் உரிமையும் குறைக்கப்படுகின்றன. இதைக் கண்டும் காணாமல் விடுவது அநீதி.

நல்லம்பள்ளி வட்டத்தில் சிப்காட் தொழிற்பூங்கா திட்டமிடப்பட்டிருப்பதால், இக்கேள்விகள் இனி ஓசூருக்கு மட்டும் உரியவையல்ல. புதிய பாடத்திட்டம் ஒவ்வோர் ஆண்டும் 150 மணி நேரப் பணியிடப் பயிற்சியை வைத்துள்ளது. அந்தத் தொழிற்பூங்காவில் அமையும் ஆலைகள் கடகத்தூர், அரூர் மாணவர்களுக்கு அந்த 150 மணி நேரத்தையும் அளக்கத் தெரிந்த ஒரு மூத்தவரையும் ஒதுக்க வேண்டும் என்பதை, நில ஒதுக்கீட்டு நிபந்தனைகளிலேயே அரசு எழுதிச் சேர்க்கலாம்.