திருப்பிச் செலுத்தும் திறன்

பிறர் எழுதிய வாக்கியங்களில் பொய் தேடுவது என் பழக்கம். விமர்சனம் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன். பிழைப்பு, வங்கியில் குமாஸ்தா வேலை. பி.ஏ.யில் ஆங்கில இலக்கியம் படித்தவன் என்பதால் மேலாளர் ஆங்கிலக் குறிப்புகளை என் மேஜைக்குத் தள்ளிவிடுவார். அப்படி நான் எழுதிய ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இது.

வறுமைக்குக் காரணம் கேட்டால் என்னைச் சுற்றி மூன்று பதில்கள் தயாராக உண்டு. மேலாளருக்குச் சோம்பேறித்தனம். அம்மாவுக்குத் தலையெழுத்து. டீக்கடை நண்பருக்கு அமைப்பு. மூன்றாவது உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கிறது. ஆனால் நண்பர் அதைச் சொல்லிவிட்டு, கிளாஸைக் கீழே வைத்து, எழுந்து போய்விடலாம். நான் அதற்குள் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறேன்.

எங்கள் கிளையின் படிக்கட்டோரம் ஒரு அம்மாள் பூ விற்கிறார். விடியற்காலையில் ரொக்கம் கொடுத்து மல்லிகை வாங்கவேண்டும். மிஞ்சியது மறுநாள் குப்பை. முகூர்த்த நாளில் விலை ஏறும், அன்றுதான் முதலும் அதிகம் வேண்டும். அதற்குத் தண்டல். பேச்சு ரூ. 10,000, கையில் வருவது ரூ. 8,500, நாளுக்கு நூறு வீதம் நூறு நாள். சாப்பாட்டு இடைவேளையில் கணக்குப் போட்டேன். ஆண்டுக்கு ஏறக்குறைய 120 சதவீதம். உள்ளே நகை வைப்பவரிடம் நாங்கள் வாங்குவது ஒன்பது, பத்து.

1969இல் 14 வங்கிகளை தேசவுடைமையாக்கியதும், 1972இல் பரம ஏழைகளுக்கு 4 சதவீத வட்டிக் கடன் வந்ததும் இவரைப் போன்றவர்களுக்காகத்தான். 2014க்குப் பிறகு ஜன் தன் கணக்கும் திறந்தாயிற்று. கணக்கு இருந்தது, கடன் இல்லை. 2020இல் தெரு வியாபாரிகளுக்கு ஈடில்லாமல் ரூ. 10,000 வரை தரும் மத்திய அரசுத் திட்டம் வந்தபோது மனுப் போட்டார். மேலாளர் தயங்கினார். தயக்கத்தை ஆங்கிலமாக்குவது என் வேலை. 'திருப்பிச் செலுத்தும் திறன் ஐயத்துக்குரியது' என்ற பொருள்பட எழுதினேன். ஒரு சொல் மிகையில்லை.

அன்று மாலை வெளியே வந்தபோது தண்டல்காரர் எங்கள் படியில் ஒரு காலை ஊன்றி நின்றிருந்தார். அம்மாள் சுருக்குப்பையிலிருந்து நூறு ரூபாய் எடுத்துக் கொடுத்தார். "எழுபத்திரண்டு" என்று சொல்லிக்கொண்டே அவர் சின்ன நோட்டில் குறித்தார். ஒரு நாள் விட்டுப்போகவில்லை. அந்த நோட்டு எங்கள் மனுவோடு இணைக்கத்தக்க ஆவணமல்ல.

1943இன் வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென், அவ்வாண்டின் உணவு வரத்து பஞ்சமில்லாத 1941ஐவிடக் குறைவல்ல என்று 1981இல் வந்த நூலில் காட்டினார். அரிசி இருந்தது, விவசாயக் கூலிகளுக்கும் மீனவர்களுக்கும் அதைப் பெறும் வலு இல்லை. எங்கள் பெட்டகத்திலும் பணம் இருந்தது. உண்மையில் நாங்கள் விற்பது காலத்தை: நாளைய வருமானத்தை இன்றே எடுத்துக்கொள்ளும் சௌகரியத்தை. சம்பளச் சீட்டு, பட்டா, நகை என்று நேற்றுக்குச் சான்று உள்ளவருக்கு அதை மொத்த விலைக்குத் தருகிறோம். இல்லாதவர் வாசலில் நூறு நூறாகச் சில்லறையில் வாங்குகிறார். அந்த விலை வித்தியாசத்தில் கையிருப்பு கரைகிறது. கரைந்ததால் மறுபடியும் சான்று இல்லை. வறுமைக்கு ஒரே காரணம் இதுவென்று சொல்லமாட்டேன். நான் எழுதிக் கொடுத்த காரணம் இது.

"என்ன சார், கெடைக்குமா?" என்று கேட்டார்.

"பார்க்கலாம்மா" என்றேன்.

மறுநாள் மேலாளரிடம், குறிப்பை மாற்றி எழுதலாமா என்று கேட்டேன். அனுப்பியாகிவிட்டது என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் இங்கே எழுதியாகவேண்டும்.