மோட்டார் சைக்கிளை விக்கிறதோ?

2004 இல் ரொறன்ரோவிலை வாங்கின யமஹா வி ஸ்டார் 1100 இன்னும் என்ரை கராஜிலை நிக்குது. செயின் இல்லை, ஷாஃப்ற். நேரத்துக்குக் கியர் எண்ணெய் மாத்தினால் போதும். ஆனால் பனிக்காலத்துக்கு முன்னம் இரண்டு காபரேற்றரிலும் நிக்கிற பெற்றோலை வடிக்கவேணும். விட்டால் பிசினாகி ஜெற் அடைச்சுப்போடும். பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள்ளை வைச்சுச் சார்ஜ் போடவேணும்.

இந்தப் பக்குவம் அப்பாவிட்டைப் பழகினது. 1990 களில் யாழ்ப்பாணத்திலை பெற்றோல் தடை. காபரேற்றருக்குள்ளை நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயிலை ஓடுவார். பின்னேரம் கரி பிடிச்ச பிளக்கைச் சுரண்டுறது என்ரை வேலை.

போன மாதம் சரிஞ்ச வண்டியை நிமிர்த்த எனக்கு ஏலாமல் போச்சு. 250 கிலோவுக்கு மேலை. மகன்தான் தூக்கிவிட்டவன். "வித்துப்போடுங்கோ அப்பா" எண்டான்.

விக்கத்தான் போறன். வாங்க வாறவனிட்டை விலைக்கு முன்னம் ஒண்டு கேப்பன்: காபரேற்றர் வடிக்கத் தெரியுமோ?