குந்திப் பேசினால் தீரும்!

“குந்தாவுக்கு ஒரு டிக்கெட்!”

கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “குந்தா பாலமா, மஞ்சூரா?”

“குந்தா தாலுகா ஆபீஸ் எங்கே இருக்கோ, அங்கே.”

“அப்ப மஞ்சூர்னு கேளுங்க சார்!”

நீலகிரியில் குந்தா என்று ஒரு தாலுகா. ஆபீஸ் மட்டும் மஞ்சூரில். எனக்கு இதில் ஆச்சரியமில்லை. நான் பி.காம். பெயர் ஒரு பக்கம், பணம் இன்னொரு பக்கம் என்று இருக்கிற கணக்குகளை நிறையவே பார்த்தவன். ஆச்சரியமெல்லாம், குந்தாவுக்குப் போகிற பஸ்ஸில் குந்த ஓர் அங்குலம் இடமில்லையே என்பதுதான். ஊட்டியில் ஏறியவன் ஒரு முட்டைக்கோஸ் மூட்டையைக் கட்டிப்பிடித்தபடியே முப்பது கிலோமீட்டர் சொச்சம் பிரயாணம் செய்தேன். இறங்கும்போது அதைப் பிரிய எனக்கே மனசில்லை.

மூன்று நாள் லீவு போட்டுவிட்டு வந்தவனுக்கு ஊட்டி முதல் நாளே அலுத்துவிட்டது. பொட்டானிகல் கார்டனில் பூக்களைவிட போட்டோ எடுக்கிறவர்கள் அதிகம். “அமைதியா ஒரு இடம் வேணும்னா குந்தாப் பக்கம் போங்க” என்றார் லாட்ஜ் மானேஜர். அமைதிக்கும் ஒரு வரவு செலவுக் கணக்கு உண்டு என்பது எனக்கு அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

பஸ் வளைந்து வளைந்து இறங்குகிறது. இருபுறமும் சீப்பால் வாரிவிட்ட மாதிரி தேயிலை. கீழே பள்ளத்தில் அணை, பாலம். பாலத்தைத் தாண்டினால் மறுபடி ஏற்றம். 1956ல் கனடா நாட்டு உதவியோடு ஆரம்பித்த குந்தா நீர்மின் திட்டத்தின் அடையாளங்கள் வழியெல்லாம் தெரிகின்றன. அந்த உதவி வந்தது ‘கொழும்புத் திட்டம்’ என்ற ஏற்பாட்டின் கீழ். 1950ல் காமன்வெல்த் நாடுகள் கொழும்பில் கூடிப் பேசி உருவாக்கியது. பசி இருக்கிற இடத்தில் கலகம் வரும், அதற்கு முன்னால் அணையைக் கட்டு, விளக்கைப் போடு என்பது யோசனை.

ஆக, கொழும்பு பெயரைச் சொல்லி குந்தாவுக்கு கரண்ட் வந்தது. இலங்கைக்கும் குந்தாவுக்கும் இதைவிட நெருக்கமான ஓர் உறவு இருப்பதை மஞ்சூர் டீக்கடையில் தெரிந்துகொண்டேன்.

குளிரில் பற்கள் தனியாவர்த்தனம் வாசிக்க, “ஸ்ட்ராங்கா ஒரு டீ!” என்று பெஞ்சில் விழுந்தேன். பக்கத்தில் குரங்குக் குல்லாவும் பழைய கோட்டுமாக எழுபது வயசுப் பெரியவர்.

“எனக்கு பிளேன்டீ” என்றார்.

“பால் வேண்டாமாய்யா?”

“பழகலே தம்பி. ஹட்டன்லே எங்க லயத்துலே பிளேன்டீதான்.”

“சிலோனா?”

சிரித்தார். “அங்கே இருக்கையிலே எங்களை இந்தியாக்காரன்னாங்க. இங்கே வந்து அம்பது வருசமாச்சு, இன்னும் சிலோன்காரன்தான். எனக்கு நானே எந்த ஊர்க்காரன்னு தெரியலே!”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை.

வெள்ளைக்காரன் காலத்தில் இங்கிருந்து இலங்கைக்குத் தேயிலை, காப்பித் தோட்ட வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இவர்கள். 1948ல் இலங்கை போட்ட குடியுரிமைச் சட்டத்தில் லட்சக்கணக்கான பேர் எந்த நாட்டுக்காரரும் இல்லாமல் போனார்கள். அடுத்த வருஷம் ஓட்டும் போயிற்று. இரண்டு நாட்டுக்கும் இடையில் இது பதினாறு வருஷத் தகராறு. 1964 அக்டோபர் 30ல் டில்லியில் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்துப் போட்டார்கள்.

கணக்கைப் பாருங்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 ‘பிறகு பார்க்கலாம்’. பத்து வருஷம் கழித்து, 1974ல், அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று பாதியாக வகுத்தார்கள். கூட்டிப் பாருங்கள், ஒரு பைசா பிசகாது. என் ஆடிட்டர் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

இரு நாடுகளும் சண்டை போடாமல் ஒரு தகராறை முடித்துக்கொண்டன என்பது உண்மை. சின்ன விஷயமில்லை. 1923ல் கிரீஸும் துருக்கியும் இதே மாதிரி ஜனங்களை மாற்றிக்கொண்டு சமாதானம் ஆயின. ஆனால் இந்தக் கணக்கில் ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. அந்த 9,75,000 பேரில் ஒருத்தரையும் மேஜைக்குக் கூப்பிடவில்லை!

“எங்க வீட்டுலே அண்ணன் சிலோன் பாரத்துலே கையெழுத்து வச்சாரு. அப்பா இந்தியா பாரத்துலே வச்சாரு. அப்பா பக்கம் நான். எழுபத்தி நாலுலே தலைமன்னார்லே கப்பல் ஏறினோம். ராமேஸ்வரம், மண்டபம் கேம்ப், அப்புறம் இந்த மலை. அண்ணன் ஹட்டன் ஸ்டேஷன்லே நின்னு கை காட்டுனாரு. அதுதான் கடேசி.”

1984ல் கப்பல் நின்றது. பாரம் போட்டும் வர முடியாமல் அங்கேயே தங்கிப்போனவர்கள் பலர். அவர்கள் சிக்கலுக்கு இலங்கை 2003ல் சட்டம் போட்டுக் குடியுரிமை கொடுத்தது. முதல் கையெழுத்துக்கு 39 வருஷம் கழித்து!

வந்தவர்களுக்கு வேலை? அதற்காக 1968ல் தமிழக அரசு ஆரம்பித்தது அரசுத் தேயிலைத் திட்டம். 1976 முதல் கார்ப்பரேஷன், சுருக்கமாக ‘டான்டீ’. காட்டு நிலத்தில் தேயிலை நட்டு, லயம் கட்டி, கொழுந்து பறிக்க வைத்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மொத்த வாழ்க்கையும் ஒரே செடியில் தொங்கியது. தொண்ணூறுகளின் கடைசியில் தேயிலை விலை விழுந்ததும், சொந்தமாக ஓர் ஏக்கர் வைத்திருந்த படகர் குடும்பமும் சரி, கூலிக்குப் பறித்த சிலோன் குடும்பமும் சரி, ஒரே நேரத்தில் தடுமாறின. 2022 அக்டோபரில், நஷ்டத்தில் ஓடிய டான்டீயின் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்கே திருப்பித் தர அரசு உத்தரவு போட்டது. காடு மறுபடி காடாவது நல்லதுதான். ஆனால் அங்கே வேலை செய்தவர்கள்? அவர்கள் இருந்த வீடு? தொழிலாளர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். டில்லியில் முடிந்த தகராறு, மலையில் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றது.

“அப்போ பேசித் தீர்க்கிறதே வேஸ்ட்டா ஐயா?” என்றேன்.

பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார். “யாரு சொன்னா? எங்க லயத்துக்கும் பக்கத்து ஹட்டிக்கும் ஒரே ஊத்துத் தண்ணிதான். ஒரு கோடையிலே வத்திப்போச்சு. பொம்பளைங்களுக்குள்ளே குடம் உடைஞ்சுது. அப்புறம் ஆம்பளைங்க மண்டை உடைய இருந்துச்சு. போலீஸ் ஜீப்பெல்லாம் வந்துது தம்பி.”

“அப்புறம்?”

“ஹட்டிப் பெரியவங்க நாலு பேரு, நாங்க நாலு பேரு, ஊத்துப் பக்கத்துலே புல்லுலே குந்தினோம். முதல்லே ரெண்டு பக்கமும் ஏச்சுதான். மத்தியானம் ஆச்சு. பசி வந்துது. அவங்க வீட்டுலேருந்து சோறு வந்துது. சாப்பிட்டுக்கிட்டே ஒரு படகப் பெரியவரு கேட்டாரு, ‘இந்த ஊத்து ஏன் வத்துச்சு?’ன்னு. எல்லாரும் மேலே பார்த்தோம். மேலே இருந்த சோலையிலே பாதியைக் காணோம்! விறகுக்கு நாங்க வெட்டினது கொஞ்சம், தேயிலை வைக்க அவங்க வெட்டினது கொஞ்சம்.”

“யார் மேலே தப்புன்னு முடிவாச்சு?”

“ரெண்டு பேரு மேலேயும்தான். காலையிலே தண்ணி லயத்துக்கு, சாயந்தரம் ஹட்டிக்கு. சோலையிலே எவனும் கத்தி வைக்கக்கூடாது. பிடிச்சா அபராதம், எந்தப் பக்கத்து ஆளா இருந்தாலும். இருபது வருசத்துக்கு மேலே ஆச்சு. சோலை திரும்ப வந்துடுச்சு. இந்தக் கோடையிலேகூட ஊத்து நிக்கலே.”

2015ல் ஐக்கிய நாடுகள் சபை உலகத்துக்கு 17 இலக்குகள் வகுத்தது. எட்டாவது, கண்ணியமான வேலை. பதினைந்தாவது, காட்டைக் காப்பாற்றுவது. பதினாறாவது, அமைதி. என் பொது அறிவைக் காட்ட இதைப் பெரியவரிடம் எடுத்துவிட்டேன்.

“மூணும் ஒண்ணுதானே தம்பி, எதுக்குத் தனித்தனியா எழுதினாங்க?” என்றார். நான் அவசரமாக டீயைக் குடித்தேன்.

“அண்ணன் இப்ப எப்படி இருக்கார்?”

“போன வருசம் தவறிட்டாரு. பேரன் போன்லே சாவைக் காட்டினான். அண்ணனை அடையாளம் தெரியலே. பின்னாடி தெரிஞ்ச லயம் அப்படியே இருந்துச்சு.”

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

சாயந்தரம் திரும்புகிற பஸ். வழக்கம்போல கூட்டம். நான் ஏறுவதற்குள் பெரியவர் எப்படியோ உள்ளே போயிருந்தார், வழியில் இறங்க வேண்டியவர். மூன்று பேர் சீட்டில் ஏற்கெனவே மூன்று பேர். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்த படகப் பெரியவரிடம் ஏதோ சொன்னார். அவர் கொஞ்சம் நகர, ஜன்னலோர ஆள் முணுமுணுத்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் நகர, அரை அடி இடம் கிடைத்தது.

“குந்துங்க தம்பி!”

குந்தினேன். நாலு பேருக்கும் சௌகரியமில்லை. ஆனால் யாரும் நிற்கவில்லை.