குழலில் இருந்த திகதி

2016ஆம் ஆண்டு. வலிகாமம் வடக்கில் விடுவிக்கப்பட்ட காணிகளுக்குச் சனங்கள் திரும்பிக்கொண்டிருந்த நேரம். கோழி வளர்ப்புக் கடன் விடயமாக மாதத்துக்கு ஒரு தடவை நான் போய்வருகிற வீடுகளில் அதுவும் ஒன்று. வீடு என்று சொல்வதற்கு இல்லை. 1990இல் விட்டுவிட்டு ஓடிய நாற்சார் வீட்டின் இரண்டு சுவர்களும், அவற்றில் சாய்த்து இறக்கிய ஒரு தகரக் கொட்டிலும்தான். அங்கே எண்பது வயது ஆச்சி, அவவின் மகள், பேரன் என்று மூன்று பேர். மகளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவின் கணவர் 2009இல் வட்டுவாகலில் ஆமியிடம் போனவர். இன்றுவரை தகவல் இல்லை. மகனுக்கு அப்போது பத்தொன்பது வயது.

அன்றைக்கு நான் படலையைத் திறக்கும்போதே அக்காவின் முகம் சரியில்லை. மலசலகூடத்துக்குக் குழி வெட்டிய பையன் ஒரு பழைய பிஸ்கற் ரின்னைக் கண்டெடுத்திருந்தான். உள்ளே மெழுகுத்துணியில் சுற்றி, கிறீஸ் பூசியபடி ஒரு கைத்துவக்கு.

இப்படி ஒன்று கிடைத்தால் தொடாதீர்கள், கிராம சேவையாளருக்குச் சொல்லுங்கள் என்று எத்தனை கூட்டங்களில் நான் பேசியிருக்கிறேன்! அன்றைக்கும் அவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். ஆனால் அவர் வரும்வரைக்கும் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. கிட்டப்போய்க் குனிந்து, குழலிலும் பிடியிலும் தெரிந்த எழுத்துக்களையும் இலக்கங்களையும் கோழிக்கடன் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன். அது பிழையான வேலை. பிறகு அதற்கு நல்ல பேச்சும் வாங்கினேன்.

பொலிஸ் வந்தது. வந்தவர்களில் ஒருவர் குழலின் மேற்பக்கத்தைத் துடைத்து வாசித்தார். அமெரிக்கக் கம்பனியின் பெயர், ஊர்ப்பெயர், அதன் பின்னால் வரிசையாகத் திகதிகள். கடைசித் திகதி 'டிசெம்பர் 29, 14'. அதற்கு முன்னால் 'செப்ரெம்பர் 14, 09'. "2014இல் செய்த சாமான். சண்டை முடிந்த பிறகு வந்திருக்கிறது," என்றார். பையனை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

இரவு பத்து மணிவரை நானும் அக்காவும் நிலைய வாசலில் நின்றோம். பிறகு விட்டார்கள். ஆனால் கிழமைக்கு ஒரு தடவை வந்து கையெழுத்து வைக்க வேண்டும் என்றார்கள். ஒருவரை உள்ளே அனுப்பிவிட்டு வாசலில் நிற்பது அக்காவுக்கு இரண்டாவது தடவை. நான் எதுவும் பேசவில்லை.

துவக்கு எப்படி வந்தது என்பது ஆச்சிக்குத் தெரியும். அவவின் ஐயா மலாயாவில் றெயில்வே கிளாக்கராக இருந்து 1938இல் பென்சன் எடுத்து வந்தவர். அப்போது ஆச்சிக்கு இரண்டு வயது. வீடு அவவின் சீதனம். பின்வளவுப் பனங்கூடலில் பால்மாத் தகரங்களைக் கட்டித் தொங்கவிட்டு ஐயா சுட்டுப் பழகுவாராம். கச்சேரியில் வருடா வருடம் லைசன்ஸ் புதுப்பிப்பாராம். அவர் போன பிறகு துவக்கு பெட்டகத்தில் கிடந்திருக்கிறது. எண்பதுகளில் பெடியள் வீடுவீடாக வந்து துவக்குகளைச் சேர்த்தபோது ஆச்சியின் கணவர் எங்கேயோ தாட்டுவிட்டார். இடத்தைச் சொல்லாமலே அவரும் போய்விட்டார். லைசன்ஸ் கடதாசி 1990இல் வீட்டோடு போனது.

கடதாசி இல்லை என்றால் ஆச்சி சொல்வது வெறும் கதை. நான் சமூகவியல் படித்தவள். வாய்மொழி வரலாறு பற்றிப் பரீட்சைக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அது பொலிசில் எடுபடாது.

முன்பு துவக்குத் திருத்துகிற வேலை செய்த ஒரு வயதான ஐயாவைத் தேடிப் போனேன். கொப்பியைப் பார்த்ததும் முதலில் என்னைத்தான் ஏசினார். "உருளைக்குள்ளே ரவை கிடக்குதோ இல்லையோ என்று பாராமல் குனிஞ்சனியோ பிள்ளை?" பிறகு திகதிகளில் விரலை வைத்துச் சிரித்தார். "இது செய்த திகதி இல்லை. கண்டுபிடிப்புக்கு உரிமை பதிஞ்ச திகதி. 14 எண்டால் 1914."

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இந்த ஸ்மித் அன்ட் வெசன் கம்பனி, உள்ளே இருக்கிற ஒவ்வொரு பொறிக்கும் காப்புரிமை எடுத்த திகதிகளைக் குழலில் வரிசையாகப் பதித்திருக்கிறது. 1901, 1906, 1909, 1914 என்று அவை போகின்றன. ஒரே வரிசையைப் பல வருடங்களாக ஆயிரக்கணக்கான துவக்குகளில் அடித்திருக்கிறார்கள். ஆகவே கடைசித் திகதி சொல்வது ஒன்றை மட்டுந்தான். துவக்கு அந்த நாளுக்கு முந்தியது அல்ல.

பிந்தியது என்றால் எவ்வளவு பிந்தியது? அதற்குத் தொடர் இலக்கத்தைப் பார்க்க வேண்டும் என்றார் ஐயா. அது பிடியின் அடியில் இருக்கும். நான் எழுதி வைத்திருந்தது ஆறு இலக்கம். முன்னால் எழுத்து எதுவும் இல்லை. மிச்சத்தை இரவிரவாக இருந்து இன்ரநெற்றில் தேடினேன். இந்த வகையில் எழுத்தில்லாத இலக்கங்கள் 1942இல் பத்து இலட்சத்தை எட்டியதோடு முடிந்துவிட்டன. பிறகு போர்க்காலத்துக்கு 'வீ' என்ற எழுத்தைச் சேர்த்திருக்கிறார்கள். 1946இலிருந்து இலக்குச் சுடும் துவக்குகளுக்கு 'கே'. ஒரு எழுத்து இல்லாமல் இருந்ததே எங்களுக்குச் சாட்சி!

இன்னும் ஒரு அடையாளம் இருந்தது. முடி போட்ட சிறிய முத்திரைகளுக்குப் பக்கத்தில், ஆங்கிலேயத் தயாரிப்பு அல்ல என்று பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்கள். வெளிநாட்டுத் துவக்கைப் பிரித்தானியாவில் விற்பதென்றால் முதலில் இலண்டனிலோ பேர்மிங்காமிலோ வெடித்துச் சோதிக்க வேண்டும். அப்படிச் சோதித்தவற்றில் 1925இலிருந்து ஐம்பதுகளின் நடுப்பகுதிவரை அந்தச் சொற்களைப் பதித்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், 1914க்குப் பிறகு, 1942க்கு முன்னர் செய்து, 1925க்குப் பிறகு பிரித்தானியாவுக்குள் வந்த துவக்கு. ஐயா 1938இல் மலாயாவிலிருந்து கொண்டுவந்தார் என்ற ஆச்சியின் கதையும் இதற்குள் பொருந்தி நின்றது.

பால்மாத் தகரக் கதையும் பொய்யில்லை. பொலிசுக்கும் படைக்கும் செய்தவற்றில் பின்பக்கக் குறி வெறும் வெட்டுத்தான், அசையாது. இதில் சின்னத் திருகாணிகளால் திருப்பிச் சரிசெய்கிற குறி இருந்தது. குழலும் ஆறு அங்குல நீளம். கடதாசியில் வட்டம் கீறிச் சுடுகிறவர்கள் வாங்குகிற சாமான் என்றார் ஐயா.

அவரே இன்னொன்றும் சொல்லித் தந்தார். பிடியின் அடியில் உள்ள இலக்கம் உருளையின் பின்முகத்திலும் குழலின் கீழ்ப்பக்கத்திலும் இருக்க வேண்டும். இருந்தால் எல்லாம் ஒன்றாகப் பிறந்தவை. இல்லாவிட்டால் யாரோ பல துவக்குகளைக் கழற்றிப் பூட்டியது. அதை நான் பார்த்திருக்கவில்லை. ஆகவே இரண்டு பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதி, இலக்கங்களை ஒப்பிட்டுப் பார்க்கும்படியும் கேட்டு, சட்டத்தரணி மூலம் கொடுத்தோம். பொறுப்பதிகாரி என் கடதாசியை இரண்டு தடவை வாசித்தார். குழலில் திகதி வாசித்தவரைக் கூப்பிட்டு ஏதோ சிங்களத்தில் கேட்டார். அவர் தலையைச் சொறிந்தார். நல்லகாலம், கோபப்படவில்லை.

அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை வர நாலு மாதம் பிடித்தது. பழைய துவக்கு, மூன்று இடத்திலும் ஒரே இலக்கம், உள்பொறி துருவேறி இயங்காத நிலை. பையன் அந்த நாலு மாதமும் கிழமைக்கு ஒரு தடவை பொலிசுக்குப் போய்வந்தான். பார்த்துக்கொண்டிருந்த மேசன் வேலை அதில் போய்விட்டது. குழியையும் அப்படியே விட்டுவிட்டான். பிறகு வளவின் மற்றப் பக்கத்தில் வேறு குழி வெட்டினோம்.

துவக்கைத் திருப்பித் தரவில்லை. லைசன்ஸ் இல்லாததைத் தரவும் மாட்டார்கள். ஆச்சிக்கு அதில் கவலையில்லை; வேறு ஒன்றுதான் மனதில் கிடந்தது. "1925க்குப் பிறகு எண்டோ சொல்லுறாய்? ஐயா எங்களுக்குச் சொன்னது, முதலாம் சண்டைக்குப் போன வெள்ளைக்காரத் துரை தந்தது எண்டெல்லோ." துரை அதைப் பிறகு வாங்கியிருக்கலாம் ஆச்சி என்று சொன்னேன். "இல்லை, உவர் கடையிலை காசு குடுத்து வாங்கிப்போட்டு அம்மாவுக்குப் பயத்திலை புளுகியிருக்கிறார்," என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா.

நான் வெளிக்கிடும்போது அக்கா கொப்பியைக் காட்டி, அந்த இலக்கத்தைத் தனக்கு ஒரு துண்டில் எழுதித் தரச் சொன்னா. நாளைக்கு யாராவது திரும்ப வந்து கேட்டால் காட்டவாம். எழுதிக் கொடுத்தேன். கொட்டிலுக்குள் போய் ஒரு பிளாஸ்ரிக் கோவையை எடுத்து வந்தா. அதற்குள் செஞ்சிலுவைச் சங்கத்தில் பதிந்த இலக்கம், மனித உரிமைகள் ஆணைக்குழுவில் பதிந்த இலக்கம், ஜனாதிபதி ஆணைக்குழுவில் சாட்சி சொன்ன இலக்கம் எல்லாம் இருந்தன. கணவரின் படத்துக்குப் பின்னால் அந்தத் துண்டைச் செருகி வைத்தா.